சும்மா விட்ட துண்டு

— எங்கடை முத்தத்திலை கதிரை போட்டு இருந்துகொண்டு, எங்கடை அம்மான்ரை வயலைத் தூக்கி எறியச் சொல்லுறீர். அதுக்கு லஞ்சமாக் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர். உமக்கு வெக்கமா இல்லையோ, கிருசாந்தன்?

— வயலை ஆர் எறியச் சொன்னது? பசளைச் சோதினைக் கணக்கிலை இருந்து எடுக்கச் சொல்லுறன். ஒரே ஒரு வயல், பத்மா. பன்ரண்டிலை ஒண்டு. அது இருந்தால் நூற்றுக்கு ஒம்பது எண்டு வருது. அதை எடுத்தால் நூற்றுக்கு நாலு. நாளைக்குக் கிளிநொச்சியிலை கூட்டம். புரொஜெக்ட்டுக்குக் காசு குடுக்கிறவைக்கு அஞ்சுக்குக் கீழை வேணும்.

— பத்மாசனி எண்டு முழுசாச் சொல்லும். காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் நீர் பத்மா எண்டுறது. கம்பஸிலையும் அப்பிடித்தான்.

— சரி, பத்மாசனி அம்மையார். றிப்போட்டிலை உம்மடை கையெழுத்து இல்லாமல் அவை வாங்க மாட்டினம். கணக்குப் பாத்தது நீர்தானே.

— நான் பாத்த கணக்கு ஒம்பது.

— இஞ்சை பாரும், ஒம்பதுக்கும் நாலுக்கும் இடையிலை என்ன, கடலோ கிடக்கு?

— அதைத்தான் நானும் கேக்கிறன். இடையிலை ஒண்டும் இல்லையெண்டால் ஒம்பதெண்டே எழுதிவிடுவம்.

— விசர்க்கதை கதையாதையும். ஒம்பதெண்டு எழுதினால் அவை புரொஜெக்ட்டை மூடிப்போடுவினம். தண்ணீரூற்று ஊரிலை பசளை கலக்கிற கொட்டிலுக்குப் பூட்டு விழும். ராஜினியக்கா, சிவலட்சுமியக்கா, அங்கை வேலை செய்யிற அவ்வளவு பெண்டுகளையும் வீட்டை வீட்டை போய்க் கூப்பிட்டது நான். திரும்பவும் வீட்டை வீட்டை போய் வராதேங்கோ எண்டு சொல்லப்போறதும் நான்தான். அதை யோசிச்சுப் பாத்தனீரோ?

— யோசிக்காமலோ இருக்கிறன். வவுனியாவிலையிருந்து பஸ்ஸிலை வரேக்கையும் அதுதான் மண்டைக்கை ஓடினது. ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டை நிக்கிறன், அதையும் நீர் வந்து கெடுக்கிறீர். சரி, ஒம்பதெண்டால் என்ன எண்டு சொல்லும் பாப்பம்.

— உதென்ன, கம்பஸ் வைவாச் சோதினையோ?

— சொல்லும்.

— பசளை ஒண்டுமே செய்யாதெண்டு வைச்சுக்கொள்ளுவம். அப்பிடியெண்டாலும், மண்ணாலை, தண்ணியாலை, தற்செயலாலை, இவ்வளவு வித்தியாசமோ இதைவிடக் கூடவோ வாறதுக்கு நூறிலை ஒம்பது தரம் இடமிருக்கு. போதுமே?

— போதும். மறக்கேல்லை.

— எப்பிடி மறக்கிறது? கச்சான் தின்னத் தின்னப் படிச்சதெல்லோ. ம்ம். இந்தா, இதுதான். முறிகண்டிக் கச்சான்ரை ருசி உலகத்திலை எங்கையும் வராது. வறுக்கிற மணலிலை ஏதோ இருக்கு. பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு அந்தக் கடையளடியிலை நிண்டால் எனக்கு இப்பவும் வயசு இருவது.

— நீர் இப்ப தின்னுறது அம்மா வறுத்தது. எங்கடை வளவுக் கச்சான். நீர் கொண்டு வந்த பை இன்னும் உம்மடை மோட்டச்சைக்கிள் ஹாண்டிலிலை தொங்குது.

— எங்கை, பாப்பம்.

— பாரும், தொங்குது.

— ஓம், தொங்குது. அப்ப இது அன்ரி வறுத்ததோ. அதுதான் நல்லா இருக்கு.

— தம்பி, என்ரை பேர் அடிபடுது. என்ன குறை?

— குறை ஒண்டுமில்லை அன்ரி. கச்சான் நல்லாயிருக்கு எண்டனான்.

— தின்னுங்கோ ராசா. இந்தாங்கோ, பிளேன்ரீ. இவள் வந்தாப்பிறகு வீட்டிலை சீனி கண்ணிலை காட்டுறதில்லை, நான் உங்களுக்கு ஒளிச்சுப் போட்டுக்கொண்டு வந்தனான். என்ன ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறியளோ? வெளியிலை கேக்குது.

— சண்டை இல்லை அம்மா, கணக்கு.

— கணக்கெண்டாலும் மெதுவாக் கதையுங்கோ. நான் கோழியை அடைச்சுப்போட்டு வாறன்.

— பாரும், அன்ரி உம்மை மாதிரி இல்லை. கேக்காமலே சீனி போடுறா.

— அவா ஆருக்கும் போடுவா. குடுக்காமல் இருக்கிறதுதான் அவாவுக்கு ஏலாத வேலை. சரி, அந்தக் கச்சான் கதைக்கு வாரும். ஞாபகமிருக்கோ, அந்த மழை நாள்?

— மறப்பனோ? றோட்டுக்கு மேலாலை தண்ணி. பஸ் ஓடேல்லை, சேர்மார் வரேல்லை. கன்ரீனுக்கை நாங்கள் ஏழெட்டுப் பேர். அந்த நேரம் கம்பஸ் முழுக்கப் பெயின்ற் மணம். புதுக் கட்டடம், புதுக் கதிரை, ஜன்னலாலை பாத்தால் மயில். யாழ்தேவி கூவினால்தான் நேரம் தெரியும். பத்மா, அந்த நாளிலை எங்களட்டை ஒண்டுமே இல்லை. எண்டாலும் ஒரு குறையும் தெரியேல்லை, என்ன?

— தெரியேல்லைத்தான். எல்லாரும் ஒரே மாதிரி ஒண்டுமில்லாமல் வந்தபடியாலை தெரியேல்லை.

— நான் அண்டைக்கு ஒரு கதை விட்டனான். கண்ணைக் கட்டிவிட்டாலும் முறிகண்டிக் கச்சான் எது, சந்தைக் கச்சான் எது எண்டு சொல்லுவன் எண்டு.

— விட்ட உடனை நான் சொன்னனான், வாயாலை சொன்னால் காணாது, சோதிச்சுப் பாப்பம் எண்டு. அதுக்கு முதல் கிழமைதான் சோதிச்சுக் கணக்குப் பாக்கிற பாடம் நடந்தது. எனக்கு அதிலை விசர் பிடிச்சிருந்தது. நாலு சரை முறிகண்டி, நாலு சரை கிளிநொச்சிச் சந்தை. எங்களோடை படிச்ச அனோஜா பழைய ரியூட் கடதாசியளைக் கிழிச்சுச் சரை சுத்தினவள்.

— கண்ணைக் கட்டினது உம்மடை சோலாலை. நீலப் பூப்போட்ட சோல். சவுக்கார மணம். அந்த மணத்திலைதான் எனக்கு முதல் ரெண்டு சரையும் பிழைச்சது.

— பாத்தீரோ, வந்திட்டுது. அண்டைக்கும் அந்தக் காரணம் சொன்னனீர். மணம் சரியில்லை, கணக்கெடுக்காதேங்கோ, திரும்ப வையுங்கோ எண்டு. ரெண்டாம் தரம் பிழைச்சதுக்கு நாக்கு காஞ்சு போச்செண்டனீர், தண்ணி குடிச்சனீர். அடுத்த தரம் சந்தைக் கச்சானிலை கல்லு கிடந்ததெண்டனீர். பேந்து பக்கத்திலை இருந்த லக்ஷன் மேசையிலை தாளம் போட்டு உம்மைக் குழப்பினவன் எண்டனீர்.

— அவன் போட்டவன்தான்.

— போட்டவன். நீர் சரியாச் சொன்ன தரமும் போட்டவன். அப்ப அது உம்மைக் குழப்பேல்லை.

— கடைசியா எட்டும் சரி வந்ததெல்லே? சும்மா ஒரு ஆள் குருட்டுவாக்கிலை சொன்னால் எட்டும் சரிவர எழுவதிலை ஒருக்காத்தான் இடமிருக்கெண்டு நீர்தான் சோக்கட்டியாலை கன்ரீன் சுவரிலை எழுதிக் காட்டினனீர். கச்சான் டொக்டர் எண்டு பேர் வைச்சதும் நீர்தான். பட்டமளிப்பு அண்டைக்கும் எங்களோடை படிச்சவை எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிட்டவை.

— ஒருக்காச் சோதிச்சால்தான் எழுவதிலை ஒண்டு. சரிவரும் வரைக்கும் தின்னுகொண்டே இருந்தால் அது எழுவதிலை ஒண்டில்லை, கிருசாந்தன். அண்டைக்கு எனக்கும் அது விளங்கேல்லை. பிழைச்சதுக்கெல்லாம் காரணம் கேட்டனாங்கள். சரி வந்ததுக்கு மட்டும் ஒருத்தரும் காரணம் கேக்கேல்லை.

— எண்டாலும் சரி வந்தது வந்ததுதானே. என்ரை நாக்கு அண்டைக்கு அப்பிடி.

— உமக்கு ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது.

— சொல்லும்.

— அனோஜா போன மாசம் கனடாவிலையிருந்து கதைச்சவள். பழைய கதை எல்லாம் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தனாங்கள். அப்பதான் சொன்னவள். கடைசித் தரம் நீர் என்ன சொன்னாலும் அவள் சரி, சரி எண்டு சொல்லிக்கொண்டு போனவளாம். சரையை விரிச்சுப் பாக்கவே இல்லையாம்.

— ஏன் அப்பிடிச் செய்தவள்?

— பாவம் பாத்துத்தான். உம்மடை முகம் வெளிறிப் போச்சாம். இனியும் தின்னவிட்டால் பொடியன் வயிறு ஊதிப் போயிடுவான், ஒருக்கா வெண்டால் நிப்பாட்டுவான் எண்டு நினைச்சவளாம்.

— அப்ப நான் ஒரு தரமும் சரியாச் சொல்லேல்லையோ?

— அது தெரியாது. அதுதான் இதிலை கவலை. அண்டைக்கு நீர் மெய்யாவே எட்டையும் சரியாச் சொல்லியிருக்கவும் கூடும். அவள் இரங்கினபடியாலை இனி ஒருத்தருக்கும் ஒருநாளும் தெரியவராது.

— விடும். எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு. சின்ன விசயம்தான், எண்டாலும் ஒருமாதிரிக் கிடக்கு. கண்கட்டை அவிழ்க்க நீர் முன்னாலை நிண்டு சிரிச்சனீர். அந்தச் சிரிப்பை வைச்சுக்கொண்டுதான் நான் மிச்ச ரெண்டு வருசமும் அந்தக் கம்பஸிலை படிச்சனான்.

— சிரிச்சது பொய்யில்லை. கச்சானுக்கும் சிரிப்புக்கும் சம்பந்தமில்லை. நீர் முதல் தரம் தோத்து நிக்கேக்கையே எனக்குச் சிரிப்பு வந்தது.

— அதை அப்பவே சொல்லியிருக்கலாமே.

— நீர் கேக்கேல்லை. நீர் கச்சான் தின்னுறதிலை நிண்டனீர். பிளேன்ரீ ஆறுது, குடியும்.

— குடிக்கிறன். சரி, பழசை விடுவம். வயலுக்கு வாரும். இது கச்சான் இல்லை. ஒரு போகம் முழுக்க வெயிலுக்கையும் மழைக்கையும் திரிஞ்ச வேலை. ஒவ்வொரு வயலிலையும் ரெண்டு துண்டு. ஒண்டுக்கு எங்கடை புதுப் பசளை. மற்றது சும்மா விட்ட துண்டு, ஒண்டும் போடக்கூடாது. பதினொரு வயலிலை பசளைத் துண்டு கொஞ்சமெண்டாலும் கூட விளைஞ்சிருக்கு. உங்கடை வயலிலை மட்டும் தலைகீழ். சும்மா விட்ட துண்டு விளைஞ்ச விளைச்சல் பாத்தனீரோ? அது எந்த ஊர் நியாயம்?

— நீர்தான் சொல்லும்.

— மருதமர நிழலா இருக்கலாம். பசளைத் துண்டு நிழலுக்கை.

— அந்த மரம் வாய்க்காலுக்கு அங்காலை. பின்னேரம்தான் நிழல் விழும், ரெண்டு துண்டிலையும் விழும்.

— அப்ப தண்ணி. சும்மா விட்ட துண்டு வாய்க்காலடியிலை.

— உம்மடை பன்ரண்டு வயலிலையும் ஏதோ ஒரு துண்டு வாய்க்காலடியிலைதான்.

— மயில். மயில் திண்டிருக்கும்.

— மயில் என்ன, பசளை போட்ட துண்டு எது எண்டு கேட்டுத் தேடித் தின்னுதோ?

— நீர் பகிடி விடுறீர்.

— பகிடி இல்லை. விதைக்க முதல் உம்மட்டைக் கேட்டனான் எல்லோ, எந்த வயலை எதுக்காக எடுப்பம் எண்டு இப்பவே எழுதித் தாரும் எண்டு? வெள்ளம் வந்தால் எடுப்பம், யானை மிதிச்சால் எடுப்பம் எண்டாவது எழுதும் எண்டனான். நேரமில்லை எண்டனீர். இப்ப விளைச்சலைப் பாத்தாப்பிறகு பிடிக்காத வயலுக்குக் காரணம் தேடுறீர். பிடிச்ச வயலுக்கும் மயில் வந்திருக்கும், அதை ஆர் பாத்தது? விளைச்சலை மட்டும்தானோ ரெஸ்ற் போட்டுப் பாத்தனீர்? மெய்யைச் சொல்லும்.

— உயரமும் பாத்தனான்.

— பிறகு?

— கதிரின்ரை எண்ணிக்கை. வைக்கல் நிறை. வேர் நீளம். இலையின்ரை நிறமும் பாத்தனான். வேர் நீளம் மட்டும் தனிய நல்லா வந்தது.

— அத்தினையைப் பாத்தால் ஏதோ ஒண்டு நல்லாத்தான் வரும். திரும்பவும் கச்சான் தின்னுறீர்.

— நான் பொய் சொல்ல வரேல்லை, பத்மாசனி. எனக்குத் தெரியும் பசளை வேலை செய்யுது எண்டு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் வந்து பாத்தனான். தொடக்கத்திலை வரம்பிலை நிண்டு பாத்தால் ரெண்டு துண்டும் ரெண்டு நிறம். இது கடும்பச்சை, அது மஞ்சள். குருடனுக்கும் தெரியும். பிறகுதான் என்ன நடந்ததெண்டு தெரியேல்லை, போகப் போக ரெண்டும் கிட்டக் கிட்ட வந்திட்டுது. நான் கண்ணாலை கண்டதை உந்த ஒம்பது இல்லையெண்டு சொல்லுது. அந்தப் பெண்டுகளிட்டை நான் என்னத்தைச் சொல்ல?

— ஒம்பது இல்லையெண்டு சொல்லேல்லை. தெரியாதெண்டு சொல்லுது. நாலெண்டு வந்தாலும் அது சத்தியம் பண்ணித் தராது. அஞ்சு எண்டுறது ஆரோ வரம்பு கட்டினது. அந்த வரம்புக்கு அங்காலை எல்லாம் மெய், இஞ்சாலை எல்லாம் பொய் எண்டு நாங்கள்தான் நினைச்சுக்கொள்ளுறம்.

— அதைக் கூட்டத்திலை வந்து சொல்லுவீரோ? அவை முதல் பக்கத்திலை அந்த இலக்கத்தை மட்டும்தான் பாப்பினம்.

— தெரியும். சரி, இஞ்சை பாரும். எனக்கும் அந்தக் கொட்டிலைப் பூட்டுறதிலை விருப்பமில்லை. உமக்கு முன்னாலை நீதவான் மாதிரி இருக்கவும் விருப்பமில்லை. எனக்கு ஒரு காரணம் தாரும். உம்மடை விருப்பத்துக்குத் தேடின காரணம் இல்லை, மெய்யா நடந்த ஒண்டு. எங்கடை வயலிலை மட்டும் சோதினை பிழைச்சுப் போச்செண்டு காட்டுற ஒண்டு. தந்தால் இந்த நிமிசமே எடுத்துப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன். தரேலாதெண்டால் ஒம்பது.

— இனி நான் எங்கை போய்த் தேட?

— என்னத்தைத் தொலைச்சனீங்கள் தம்பி? தேட வேணுமெண்டுறியள்.

— ஒண்டும் தொலைக்கேல்லை அன்ரி. உங்கடை வயலைக் கணக்கிலை இருந்து எடுப்பமோ எண்டு கதைக்கிறம்.

— என்ரை வயலையோ? ஏன் ராசா, என்ரை வயல் உங்களுக்கு என்ன செய்தது? சொன்ன நாளுக்கு விதைச்சனாங்கள், சொன்ன நாளுக்கு வெட்டினனாங்கள்.

— உங்களிலை பிழையில்லை அம்மா. சும்மா விடச் சொன்ன துண்டு, பசளை போட்ட துண்டை விட நல்லா விளைஞ்சு கிடக்கு. அதுதான் இவருக்கு விளங்கேல்லை.

— பின்னை விளையாதோ? மாட்டெரு போட்டதெல்லோ.

— என்ன போட்டதெண்டீங்கள்?

— மாட்டெருவும், ரெண்டு பிடி யூரியாவும். வீட்டிலை கிடந்ததுதான். ஏன் ரெண்டு பேரும் இப்பிடிப் பாக்கிறியள்?

— அம்மா, அந்தத் துண்டுக்கு ஒண்டுமே போடக்கூடாதெண்டு இவர் உங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவரெல்லே.

— சொன்னவர். நானும் ஓமெண்டு தலையாட்டினனான். முதல் மாசம் ஒண்டும் போடேல்லை, சத்தியமா. பிறகு அது மஞ்சளாப் போச்சுது பிள்ளை. ஒரே வயல், ஒரே வரம்பு. இஞ்சாலை நிக்கிறது கொழுகொழு எண்டு நிக்குது, அங்காலை நிக்கிறது வாடிப்போய் நிக்குது. நான் விடிய வாய்க்காலடிக்குப் போகேக்கை அது என்னையே பாக்கிற மாதிரிக் கிடக்கும். உனக்கு ஞாபகமிருக்கோ, சண்டையின்ரை கடைசி நாளுகளிலை கஞ்சி லைனிலை நிண்டது? நீ முன்னுக்கு, உன்ரை தம்பி யதுர்ஷன் உனக்குப் பின்னுக்கு.

— ஓம், அம்மா.

— உன்ரை பேணிக்கு ஊத்தினாங்கள். அவன்ரை முறை வரக் கிடாரத்திலை கஞ்சி முடிஞ்சுது. ஊத்தின பெடியனும் பாவம், அவன் என்ன செய்வான்? நீ உன்ரையிலை பாதியை ஊத்தினனிதான். எண்டாலும், அதுக்கு முதல் ஒரு நிமிசம் அவன் வெறும் பேணியோடை நிண்டான். இப்ப அவன் கொழும்பிலை வயிறாரச் சாப்பிடுறான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிசம் என்ரை கண்ணை விட்டுப் போகாது. ஒண்டுக்குக் குடுத்து மற்றதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுற வேலை என்னாலை ஏலாது தம்பி. நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்கு அது தேவையா இருக்கும். எனக்கு மனம் கேக்கேல்லை.

— அன்ரி, அழாதேங்கோ.

— அழேல்லை ராசா. கோழித்தூசு.

— பத்மா.

— ம்.

— காரணம்.

— ஓம். மெய்யா நடந்த காரணம். மயிலும் இல்லை, மருதமரமும் இல்லை. அம்மா எரு போட்டிருக்கிறா, அது சோதினையே இல்லை. இந்த வயலை எடுக்கிறதுதான் நியாயம்.

— அப்ப நாலு.

— நாலு. தாரும் பேனையை. அடியிலை ஒரு வரி எழுதுறன், சும்மா விட வேண்டிய துண்டுக்கு வயல்காரர் எரு போட்டபடியாலை இந்த வயல் எடுக்கப்பட்டது எண்டு. ஆரும் ஒண்டும் கேக்கேலாது.

— அன்ரி, உங்களுக்குக் கோயில் கட்டலாம். நாளைக்கு விடிய முதல் வேலையா ராஜினியக்காவுக்கு ஃபோன் எடுப்பன். கொட்டில் பூட்டுப்படாதெண்டு சொல்லுவன். பத்மா, உமக்கு இனி முறிகண்டியிலை ஒரு மூட்டை கச்சான்.

— கொஞ்சம் பொறும். இன்னும் பேனை மூடி திறக்கேல்லை. அம்மா, இந்த எரு போட்ட கதை... இது நீங்கள் ஒராள் மட்டும் செய்ததுதானே?

— நான் மட்டுமோ? நல்ல கேள்வி. தம்பி செவ்வாயிலை வாறவர் எண்டு, வெள்ளிக்கிழமையிலை புல்லுப் பிடுங்கேக்கை எல்லாரும் சேர்ந்துதானே பிள்ளை பன்ரண்டு வயலிலையும் சும்மா விட்ட துண்டுக்குப் போட்டனாங்கள். மற்றவை அளவாப் போட்டவை, எனக்குத்தான் கை கொஞ்சம் கூடிப் போச்சு.